பத்தொன்பது உறைகள்

எனக்குக் கண் உண்டு. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது; அதற்காகச் சொல்லாமல் இருக்கவும் மாட்டேன். இருபத்தொரு வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் நர்ஸ் நான். கதவு திறந்து ஆள் உள்ளே வரும்போதே, இவருக்கு நாற்காலி போதும், இவருக்குப் படுக்கை வேண்டும், இவருக்கு டாக்டர் ஓடிவர வேண்டும் என்று பிரித்துவிடுவேன். புதிதாக வரும் டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சூறாவளி' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கண்ணால் வந்த வினைதான் இது.

என் நாத்தனார் அதே பிரிவில் டாக்டர். என் கணவருக்கு ஒரே தங்கை. மாடியில் அவள் குடியிருக்கிறாள், கீழே நாங்கள். காலையில் என் சமையலறையில் நின்று, "அண்ணி, என் டிபன் டப்பா எங்க?" என்று கேட்பவள், அரைமணி நேரம் கழித்து ஆறாம் படுக்கை அருகே நின்று, "சிஸ்டர், இவருக்கு ஊசி போட்டாச்சா?" என்று அதட்டுவாள். நானும் "போட்டாச்சு டாக்டர்" என்பேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வராது. பழகிவிட்டது.

அவளுக்கு ஆராய்ச்சிப் பைத்தியம். எதை எடுத்தாலும், "இது நெஜமாவே வேல செய்யுதா, இல்ல நாமளா நெனச்சுக்கிறோமா?" என்பாள். என் சமையலைப் பற்றிக்கூட ஒருமுறை அப்படிக் கேட்டு, அவள் அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி, வீசிங்கோடு வரும் குழந்தைகளைப் பற்றியது. மூச்சு இரைத்துக்கொண்டு வரும் குழந்தைக்கு மருந்தை நுரையீரலுக்குள் அனுப்ப இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நெபுலைசர். மெஷினில் மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டிவிட்டால் மருந்து புகையாக உள்ளே போகும். இன்னொன்று ஸ்பேசர். அது வெறும் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் மருந்துப் பம்பைச் செருக வேண்டும், மறு முனையில் குழந்தை மூச்சை இழுக்க வேண்டும். மருந்து ஒன்றுதான், பாதைதான் வேறு. எங்கள் பிரிவில் எப்போதும் மெஷின்தான். அது உறுமும், புகை விடும், பார்த்தாலே வைத்தியம் நடக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதன் மேல் தனிப் பாசம். ஸ்பேசரைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது போலத்தான் எனக்குத் தோன்றும்.

இரண்டில் எது மேல் என்று பார்த்துவிடலாம் என்றாள் நாத்தனார். உயிருக்கு ஊசலாடும் குழந்தைகளுக்கு இதில் இடமில்லை. அவர்களைக் கேள்வியே இல்லாமல் சிவப்புப் படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நடுத்தரமாக இரைக்கும் குழந்தைகள் மட்டும்தான். பெற்றோர் சம்மதம் வாங்கி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், நெஞ்சில் கேட்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, பிறகு வாசலில் என் மேஜை மேல் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து ஒட்டிய உறையை எடுத்துப் பிரிக்க வேண்டும். மொத்தம் நூற்றைம்பது உறைகள், எண் போட்டு வரிசையாக. உள்ளே இருக்கும் சீட்டில் 'மெஷின்' என்றோ 'ஸ்பேசர்' என்றோ இருக்கும். எது வருகிறதோ அதுதான் அந்தக் குழந்தைக்கு.

"பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. யாரும் தேர்ந்தெடுக்கவும் கூடாது. இது ஒண்ணுதான் இந்த ஆராய்ச்சிக்கு உயிர்" என்று எங்களை உட்கார வைத்து மூன்று முறை பாடம் எடுத்தாள். நான் மூன்று முறையும் தலையாட்டினேன்.

இரண்டாவது மாதத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. மதிப்பெண் ஆறு, நடுத்தரம்தான். ஆனால் அம்மா போனில் பொம்மைப் படம் போட்டுக் காட்டியும் அது திரும்பவில்லை. தண்ணீர் கொடுத்தேன், ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தள்ளிவிட்டது. இது வார்டுக்குப் போகப்போகிற குழந்தை என்று என் கண் சொன்னது. பெட்டியிலிருந்து உறையை எடுத்தேன். பக்கத்துச் சுவரில் எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. யாரோ அணைக்க மறந்திருந்தார்கள். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். உறையை அந்த விளக்கின் மேல் வைத்தேன். 'ஸ்பேசர்' என்று பளிச்சென்று தெரிந்தது.

அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை வைத்துப் பார்த்தேன். 'மெஷின்'. அதைப் பிரித்தேன். முதல் உறை அடுத்து வந்த, ஓடியாடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குப் போனது.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. என் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்த குழந்தைக்கு ஸ்பேசர் வந்தால் மாற்றினேன். பதினாலு மாதத்தில் பத்தொன்பது முறை. எண் வரிசை அங்கங்கே மாறியிருப்பதைப் பார்த்து நாத்தனார் ஒருமுறை கேட்டாள். பெட்டி கீழே விழுந்துவிட்டது என்றேன். அவளும் நம்பினாள். அண்ணி சொன்னால் அவளுக்கு மறுபேச்சுக் கிடையாது.

நூற்று நாற்பத்தெட்டு குழந்தைகளோடு ஆராய்ச்சி முடிந்தது. முடிவைச் சொல்ல எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார் எங்கள் பெரிய டாக்டர். நாத்தனார் புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"மெஷின் வச்ச எழுபத்துநாலு குழந்தைங்கள்ல இருபத்தொரு பேர வார்டுல சேர்க்க வேண்டி வந்துச்சு. ஸ்பேசர் வச்ச எழுபத்துநாலுல ஒம்பது பேர்தான்" என்றாள். "உள்ள வந்தப்போ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஸ்கோர். அதனால வித்தியாசம் வைத்தியத்துல மட்டும்தான்."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். என் மெஷினாவது தோற்பதாவது! பிறகுதான் உறைத்தது. பாசத்தில், நோவு முற்றிய குழந்தைகளையெல்லாம் அதன் தலையில் நானே கட்டியிருக்கிறேன். எப்படியும் தேறிவிடக் கூடியவர்களை ஸ்பேசர் பக்கம் நானே தள்ளியிருக்கிறேன். என் மெஷினைத் தோற்கடித்தது நான்தான். அதைவிட மோசம், என் கண் பார்த்தது மதிப்பெண்ணில் ஏறாது; மதிப்பெண் இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் காகிதத்தை எத்தனை பேர் புரட்டினாலும் இது தெரியவே தெரியாது. உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாக் குழந்தைக்கும் ஸ்பேசர். மெஷினெல்லாம் ஸ்டோருக்குப் போகட்டும். வேற மூணு ஆஸ்பத்திரிலேர்ந்து கேட்டிருக்காங்க, கட்டுரை வந்ததும் அவங்களும் மாத்திடுவாங்க."

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் மனசு வரவில்லை. பதினாலு மாதம் விடுப்புக்கூட எடுக்காமல் உழைத்த பெண். நான் உண்மையைச் சொன்னால் அத்தனையும் குப்பை. சொல்லாவிட்டால் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில், என் பொய்யை நம்பி, எவளோ ஒருத்தி மெஷினைத் தூக்கிப் போடுவாள். அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். இனி யாருக்குமே தெரியாது, எனக்கும் சேர்த்து. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை, கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவள் கீழே வந்தாள். "அண்ணி, நன்றி சொல்ற எடம் வாசிக்கிறேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். "உறைகளை முறை தவறாமல் கையாண்ட மூத்த செவிலியருக்கு எங்கள் நன்றி உரியது."

தோசைக்கல்லோ இட்லிச் சட்டியோ எதுவும் என் கையில் இல்லை, இருந்திருந்தால் கீழே போட்டிருப்பேன். "மத்தியானம் டூட்டி முடிஞ்சதும் வாசல் மேஜைக்கு வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, மெஷின் போகுதேன்னு உங்களுக்கு வருத்தம். எனக்குப் புரியுது. அதுக்காக இப்படியா?"

"கத விடுறேன்னு நெனக்கிறியா?"

"பின்ன? ஸ்கோர் சமமா இருக்கு. நீங்க மோசமான குழந்தைங்களத் தள்ளியிருந்தா அது ஸ்கோர்ல தெரியாதா? அதோட, உறை தடிமனான காகிதம். நானே கடை கடையா அலைஞ்சு வாங்கினது."

மிச்சம் இருந்த இரண்டு உறைகளில் ஒன்றை எடுத்து, விளக்குப் பெட்டியின் சுவிட்சைத் தட்டி, அதன் மேல் வைத்தேன்.

"படி."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. இன்னொரு உறையையும் வைத்தேன். அதையும் பார்த்தாள். பெஞ்சில் காத்திருந்த ஒருவர் இருமினார்; அவர் பக்கம் அவள் திரும்பவில்லை.

"எத்தன?" என்றாள்.

"பத்தொம்பது."

"பெட்டி கீழ விழுந்துச்சுன்னு சொன்னீங்க."

"பொய்."

"உங்கள நம்பித்தான அண்ணி அந்தப் பெட்டிய இந்த மேஜையில வச்சேன்" என்றாள். அவள் சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. நான் அழுதேன். பிரிவில் நான் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பத்தொம்பத எடுத்துட்டு, மிச்சத்த வச்சு எழுத முடியாதா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"முடியாது. எத எடுக்கிறோம்கிறதும் தேர்ந்தெடுக்கிறதுதான. மொத்தமும் போச்சு."

மறுநாள் பெரிய டாக்டர் அறைக்குள் அவள் நுழைந்தபோது நானும் கூடவே போனேன். அவள் வேண்டாம் என்றாள். அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? என் பங்கை என் வாயாலேயே சொன்னேன். பெரிய டாக்டர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியது, இருபத்தொரு வருடத்தில் முதல் முறையாக. கட்டுரை நின்றது. மாநாட்டில் அவள் பேசுவதாக இருந்ததும் நின்றது. மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் அவளே கடிதம் எழுதினாள்: முடிவில் பிழை இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம்.

வீட்டில் மூன்று வாரம் பேச்சு வார்த்தை இல்லை. என்னிடம் உப்பு வேண்டும் என்றால்கூட அண்ணனைத் தூது விட்டாள். அவர் படியில் ஏறி இறங்கியே இளைத்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் எப்பயாவது ராசியாகுங்க, எனக்கு முட்டி போகுது" என்று ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவளே இறங்கி வந்தாள். கையில் ஒரு கட்டுப் படிவம். என் எதிரே போட்டாள்.

"எண் வரிசை மாறின இந்தப் பத்தொம்பது குழந்தைங்கள்ல பதிமூணு பேர் வார்டுல சேந்திருக்காங்க" என்றாள். 'எப்படி இருக்கீங்க' என்றெல்லாம் கேட்கவில்லை. "இதே ஸ்கோரோட வந்த மத்தவங்க முக்காவாசிப் பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க. என் ஸ்கோருக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? என்ன பாத்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்? பாத்தா தெரியும்."

"அந்தப் பதில் வேண்டாம் அண்ணி. ஒவ்வொண்ணா சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பொம்மைக்குத் திரும்பாத குழந்தை. ஒரு மடக்குக்கு மேல் குடிக்காத குழந்தை. கால் இரண்டையும் தொங்கவிட்டு, கையை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காரும் குழந்தை. அதுவரை அழுதுகொண்டிருந்துவிட்டு, ஊசியைப் பார்த்தும் அழாத குழந்தை. அவள் பக்கம் பக்கமாக எழுதினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது.

"உங்களத் திட்டுறதா, உங்க கண்ணுக்குக் கும்பிடு போடுறதான்னு தெரியல" என்றாள்.

"ரெண்டையும் செய். திட்டு முதல்ல."

திட்டினாள். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை உறையே கிடையாது. சீட்டு வரிசை மருந்தகத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். நாங்கள் போன் செய்து கேட்க வேண்டும். மருந்தகத்தில் இருப்பவர், வாரத்துக்கு இத்தனை வார்த்தை என்று அளந்து பேசுகிற மனுஷர். அவரிடமிருந்து வம்பு கறக்க என்னாலேயே முடியாது. படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. 'நர்ஸின் பார்வை: கவலை உண்டு, கவலை இல்லை.' போனை எடுப்பதற்கு முன் அதைப் பேனாவால் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். என்னை இதில் சேர்க்கவே கூடாது என்றார் பெரிய டாக்டர். "அந்தக் கட்டமே அவங்களாலதான் சார் வந்துச்சு. நொழைய வழி இல்லாம கதவ அடச்சாச்சு. இனிமே யார் வேணா நிக்கலாம்" என்று அவருக்கு நேராக நின்று பேசியிருக்கிறாள் நாத்தனார். என் காதுபட அல்ல, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

முதல் குழந்தை என் டூட்டியில்தான் வந்தான். ஆறு வயது. பள்ளிக்கூடச் சீருடை, ஒரு காலில் மட்டும் ஷூ. அம்மாவுக்கு மூச்சு வாங்கியதில் யாருக்கு வைத்தியம் என்று ஒரு நொடி எனக்கே குழப்பம். மதிப்பெண் ஐந்து. அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். நான் அவனைப் பார்த்தேன். கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். பெயரைக் கேட்டேன், என் வாயைப் பார்த்தானே தவிர பதில் சொல்லவில்லை. 'கவலை உண்டு' என்று அழுத்திக் குறித்தேன். போனை எடுத்தேன்.

"ஸ்பேசர்" என்றது மருந்தகம்.

"என்னது?"

"ஸ்பேசர்" என்று இரண்டாவது தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டடி தள்ளி வண்டியில் மெஷின் இருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நாத்தனார் உள்ளே ஒரு உடைந்த கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், மெஷினை இழுத்து அவனுக்கு மாட்டிவிட்டு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்துவிடலாமா என்று கை பரபரத்தது. இந்தப் பையனுக்கு ஏதாவது ஆனால் என்னை நானே மன்னிப்பேனா?

ஸ்பேசரை எடுத்தேன். பம்பைக் குலுக்கி ஒரு அழுத்து. அவனோடு சேர்ந்து மூச்சை எண்ணினேன். மறுபடி குலுக்கி, மறுபடி ஒரு அழுத்து. இருபது நிமிடத்தில் இரண்டாவது சுற்று. அவனை விட்டு நகரவில்லை. கொஞ்சம் சறுக்கினாலும் சிவப்புப் படுக்கைக்குத் தூக்குவதற்குத் தயாராக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சுற்று முடிந்ததும் அவன் ஸ்பேசரைத் தள்ளிவிட்டு, "என் இன்னொரு ஷூ எங்க?" என்று கேட்டான்.

நாலு மணி நேரம் கழித்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான்.

சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு ஒரு நினைப்பும் வந்து நெஞ்சில் இடித்தது. இருபத்தொரு வருடத்தில், இப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு மெஷினைத் தவிர வேறு எதையும் நான் கொடுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவைகூட இல்லை. பிறகு மெஷின்தான் உசத்தி என்று எனக்கு எப்படித் தெரிந்தது? எனக்குத் தெரியவில்லை, நான் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பத்தொன்பது குழந்தைகளின் சார்பில் நானே முடிவெடுத்தேனே என்று கூசிப்போய் நின்றேன்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். படிவத்தை எட்டிப் பார்த்தாள். 'கவலை உண்டு', 'ஸ்பேசர்', 'வீட்டுக்குப் போனான்'. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா! நீங்க பயந்த குழந்தையே எந்திரிச்சு நடந்து போயிட்டான். நான் அப்பவே சொன்னேன்ல, ஸ்பேசர்தான்..."

"டாக்டர்" என்றேன். "ஸ்பேசர் வேல செஞ்சுதா, இல்ல என் கண்ணு ஏமாந்துதா? ஒத்தக் குழந்தைய வச்சுக்கிட்டு அத எப்படிச் சொல்வீங்க?"

அவள் படிவத்தைக் கையில் எடுத்து மறுபடி பார்த்தாள்.

"இன்னும் நூத்து நாப்பத்தொம்பது பேர் வரணும். அதுவரைக்கும் உங்க கட்சியும் வாயத் திறக்கக் கூடாது, என் கட்சியும் வாயத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தேன்.